பார்த்த மட்டும் சொன்ன தம்பி

எங்கள் தோணி ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்க்க ஒரு தம்பி வருவார். வேலை முடிந்ததும் நான் ஒன்று கேட்பேன், அவர் ஒன்று சொல்லுவார். நான் எப்படிக் கேட்டாலும் பதில் மட்டும் மாறாது.

"இது வரைக்கும் நல்லா இருக்கும்மா. இதுக்கு அந்தால நான் பாக்கல."

முதல் தடவை கேட்டபோது எனக்குச் சுருக்கென்று வந்தது. என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டுத் தோணி இந்தக் கடலில் ஓடுகிறது. மாலத்தீவுக்கு வெங்காயமும் உருளைக்கிழங்கும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு போய்வருகிற தோணி. என் வீட்டுக்காரர் போன பிறகு, "பொம்பள எதுக்கு இதக் கட்டிக்கிட்டு அழணும், வித்துருங்க" என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். நான் விற்கவில்லை. அப்படிப்பட்ட ஆபீசுக்கு ஒரு ஆள் வந்து வேலை பார்த்தால், "எல்லாம் சரியாயிட்டு, நிம்மதியா இருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டாமா?

"அந்தால நீரு பாக்காம வேற யாரு பாப்பா?" என்றேன்.

"அது டெலிபோன்காரங்க வயரு. அவங்க பாக்கணும். நான் இந்தப் பெட்டி, இந்த வயரு, அந்த மோடம், மூணும் பாத்தேன். மூணும் நல்லா இருக்கு."

"அப்ப நாளைக்கு வேலை செய்யுமா?"

"இன்னைக்குச் செய்யுது."

மூக்கறுத்த மாதிரி இருந்தது. ஆனால் அவர் முகத்தில் திமிர் இல்லை. கடைக்காரர் படி நிரம்ப அளந்துவிட்டு, கையால் வழித்து மட்டம் பார்ப்பாரே, அந்த மாதிரி ஒரு முகம்.

ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஆற்றுப்பாசன ஊர் அவருக்கு. நெல் விளைகிற வீடு. காலையில் பஸ் ஏறி வந்து, துறைமுகத்துப் பக்கம் இருக்கிற ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கிவிட்டு, சாயங்காலம் ஊருக்குப் போய்விடுவார். இப்போது கோயம்புத்தூரில் மகளோடு இருப்பதாகச் சொன்னார்கள். சொன்னார்கள், அவ்வளவுதான். நான் பார்க்கவில்லை.

அவர் பையில் ஒரு சாமான் இருக்கும். கம்ப்யூட்டருக்குப் பின்னால் செருகுகிற பிளக்குத்தான், ஆனால் அதில் நீள வயரே கிடையாது. வெளியே வந்த வயர் அங்கேயே வளைந்து மறுபடி அந்தப் பிளக்குக்குள்ளேயே போய்விடும். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"ஏ தம்பி, இது என்னத்துக்கு? வயரு எங்கயும் போகலயே."

"எங்கயும் போகாம இருக்கத்தாம்மா இது. பெட்டி பேசுறது பெட்டிக்கே திரும்பிக் கேக்குதான்னு மொதல்ல பாக்கணும். தன் கொரலு தனக்கே கேக்கலேன்னா, ஊர்க்காரன் பேச மாட்டங்கான்னு சொல்லி என்ன பிரயோசனம்?"

இதை அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லையாம். அவருடைய அப்பாவிடம் படித்ததாம். வாய்க்காலின் கடைசி வயல் அவர்களுடையது. தண்ணீர் வராத நாளில், ஊரெல்லாம் மேலே உள்ள வயல்காரனை வைதுகொண்டு மண்வெட்டியைத் தூக்கும்போது, அப்பா மட்டும் தன் வயல் மடையில் குனிந்து கையை விட்டுப் பார்ப்பாராம். பாதி நாள் அங்கேதான் செத்தையும் நண்டு வளையும் இருக்குமாம். மடை சரியென்றால் அடுத்த மடை. அதுவும் சரியென்றால் அதற்கு அடுத்தது. கையை விட்டுப் பார்க்காத மடையைப் பற்றி அந்த மனுஷர் வாய் திறக்க மாட்டாராம்.

"அதனால சண்டையே வராதோ?"

"வரும்மா. கொஞ்சம் லேட்டா வரும்."

இந்தக் குணம் கம்ப்யூட்டரோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வந்திருக்க மாட்டேன். ஒரு தடவை எங்கள் மாதா கோயில் திருவிழா நேரம். மத்தியானம் வேலை முடிய நேரமாகிவிட்டது, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். சீலா மீன் வறுத்து, குழம்பும் வைத்திருந்தேன். நான் வைக்கிற மீன் குழம்பை எங்கள் தெருவில் குறை சொன்னவர்கள் கிடையாது. வறுத்த துண்டை எடுத்து வாயில் போட்டார். நான் குசினி வாசலில் நின்று, "எப்படி இருக்கு தம்பி?" என்றேன்.

"மீனு ரொம்ப நல்லா இருக்கும்மா."

"கொழம்பு?"

"கொழம்பு இன்னும் ஊத்தலயேம்மா."

எங்கள் கணக்கர் சவேரி அண்ணன் பக்கத்து இலையில் இருந்தார். அவருக்குப் புரையேறிவிட்டது. தண்ணீரைக் குடித்துவிட்டு, "ஓய், உம்ம கல்யாணத்துலயும் தாலி கட்டி முடிச்ச கையோட 'இது வரைக்கும் நல்லா இருக்கு'ன்னு சொல்லிருப்பீரே!" என்றார்.

"இப்பமும் அதத்தான் அண்ணாச்சி சொல்லுதேன்," என்றார் அந்தத் தம்பி, குழம்பை ஊற்றிக்கொண்டே. "வீட்டுல சிரிப்பாங்க."

குழம்பும் நன்றாக இருந்ததாகப் பிறகு சொன்னார். கேட்காமலே சொன்னார். அதனால் அதை நம்பினேன்.

இன்னொரு தடவை என் தம்பி மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தோம். பையன் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் வேலை. அந்த ஆபீசுக்கும் இந்தத் தம்பிதான் கம்ப்யூட்டர் பார்ப்பவர். கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரவைத்து, காப்பி கொடுத்துக் கேட்டேன்.

"பையன் எப்படி தம்பி? ஒளிக்காமச் சொல்லும்."

அவர் காப்பியை ஒரு வாய் குடித்துக்கொண்டார். "அவரு கம்ப்யூட்டர சுத்தமா வச்சிருக்காரும்மா. மேல தூசி கெடையாது. வயர மடக்கி இழுத்துப் போட மாட்டாரு."

"நான் கம்ப்யூட்டரையா கட்டி வைக்கப் போறேன்? ஆளு எப்படி?"

"ஆள நான் பாக்கலம்மா."

எனக்கு வந்த கோபத்துக்குக் காப்பியைத் திரும்ப வாங்கியிருப்பேன். பையனைப் பற்றிக் கேட்ட மற்ற எல்லாரும் தங்கம், வைரம் என்று அடுக்கினார்கள். இவர் ஒருவர் தூசி இல்லை என்றார். கடைசியில் அவர் சொன்னதுதான் என் தம்பி பெண்டாட்டி மனதில் நின்றது. "மதினி, தங்கம் வைரம்னு சொல்லுதவங்க எல்லாரும் சொந்தக்காரங்க. இது ஒண்ணுதான் கண்ணால பாத்துச் சொன்னது," என்றாள். அந்தக் கல்யாணம் நடந்தது. நன்றாகத்தான் இருக்கிறார்கள். இது வரைக்கும்.

இனி சவேரி அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் வாலிபத்தில் தோணியில் போனவர். காலில் அடிபட்ட பிறகு ஆபீசில் கணக்குக்கு உட்கார்ந்தார். கடல்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. உப்புக்காற்று படுகிற இரும்பு எதைக் கண்டாலும் கையில் எண்ணெய்யை எடுத்துவிடுவார்கள். பூட்டு, கீல், தராசுத் தட்டு, குடைக்கம்பி, எல்லாவற்றுக்கும் ஒரு துளி தேங்காய் எண்ணெய். எங்கள் ஊரில் எண்ணெய் தடவாத இரும்பு ஒரு மழைக்காலம் தாண்டாது. அதில் ஒரு தப்பும் இல்லை.

ஒரு வருஷம் கடல் அமர்ந்து, தோணி முதல் ஓட்டம் போயிற்று. தோணிக்குத் தலைவரை நாங்கள் தண்டல் என்போம். எங்கள் தண்டல் நல்ல அனுபவஸ்தர், அதிகம் பேசாதவர். அவர் பெண்சாதி புஷ்பம் எங்கள் தெருப்பிள்ளைதான். தோணி மாலத்தீவில் மாலித் துறைமுகம் போய்ச் சேர்ந்ததும் அங்கே உள்ள ஏஜெண்டு மெயில் அனுப்புவார். சவேரி அண்ணன் பார்த்துச் சொல்லுவார். நான் தெருமுனை வரை நடந்து போய் புஷ்பத்திடம் சொல்லிவிட்டு வருவேன். அதுதான் வழக்கம்.

அந்தத் தடவை சேர வேண்டிய நாள் தாண்டியும் மெயில் இல்லை. நடுவில் ஒரு நாள் காற்று மாறி அடித்தது. வியாழக்கிழமையும் ஒன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமை போன் போட்டோம், யாரும் எடுக்கவில்லை. அந்த நாட்டில் வெள்ளியும் சனியும் விடுமுறை. புஷ்பம் ஆபீசுக்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். தெருவிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு ஆறுதல் சொன்னார்கள். "ஒண்ணும் ஆயிருக்காது ஏளா." "மாதா கைவிட மாட்டா." "அவரு எத்தன புயலப் பாத்தவரு." அவள் எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினாள்.

அந்தத் தம்பியைக் கூப்பிட்டனுப்பினேன். வந்தார், புஷ்பத்தைப் பார்த்தார், விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்.

முதலில் பெட்டிக்குள்ளேயே ஒரு சோதனை ஓட்டினார். வயரோடு பேசுகிற அட்டை ஒன்று உள்ளே இருக்கிறதாம், அது தனக்குள் பேசித் தானே கேட்கிற சோதனை. பச்சையில் வந்தது. "அட்டை நல்லா இருக்கு," என்றார். பிறகு அந்த வளைந்த குட்டை வயரைப் பின்னால் செருகி மறுபடி ஓட்டினார். சிவப்பில் வந்தது. எடுத்துத் துடைத்துச் செருகி இன்னொரு தடவை ஓட்டினார். மறுபடி சிவப்பு. டார்ச் அடித்து அந்த ஓட்டைக்குள் பார்த்தார். விரலை விட்டு எடுத்து முகர்ந்தார்.

"இதுல தேங்கா எண்ண வாசன வருதே."

சவேரி அண்ணன் எழுந்து நின்றார். "உள்ள கம்பியில பச்சையா களிம்பு ஏறியிருந்துச்சு. அதான் வியாழக்கிழம காலைல ரெண்டு சொட்டு..."

"ஏ சவேரி!" என்று நான் கத்திவிட்டேன். "கம்ப்யூட்டர என்ன கதவுக் கீலுன்னு நெனச்சியா?"

"அண்ணாச்சிய வையாதீங்கம்மா," என்றார் தம்பி, திரும்பாமலே. "களிம்பு முன்னாலயே தின்னுருக்கு. எண்ண போட்டதுல உள்ள இருந்த உப்பும் தூசியும் சேந்து அப்பிட்டு."

பிறகு புஷ்பத்தின் பக்கம் திரும்பினார். அவளோடு அதுதான் முதல் பேச்சு.

"யம்மா, வியாழக்கிழம காலைலேர்ந்து இந்தப் பெட்டிக்குக் காது கேக்கல. அங்கேர்ந்து சேதி வந்திருந்தாலும் நமக்கு விழுந்திருக்காது. இதுவரைக்கும் நான் சொல்ல முடியும்."

காலையிலிருந்து எத்தனை பேர் எத்தனை சொன்னார்கள்! எதற்கும் அசையாத அந்தப் பிள்ளை, இந்த ஒரு வார்த்தைக்கு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப சேதி வந்துருக்கும், இல்லாண்ணே?" என்றாள்.

"அத இப்பப் பாப்போம்."

பையிலிருந்து சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கறுப்புச் சாமானை எடுத்து, கம்ப்யூட்டரின் முன்பக்கம் செருகி, வயரை அதில் மாட்டினார். பழைய ஓட்டைக்குப் பதில் இனி இதுதான் காது என்றார். கொஞ்ச நேரத்தில் மெயில் ஒன்றொன்றாக இறங்கியது. சவேரி அண்ணன் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். தம்பியே வாசித்தார். இங்கிலீஷை மனதுக்குள் ஒரு தடவை படித்துவிட்டு, எங்கள் பேச்சில் சொன்னார்.

"வியாழக்கிழம மத்தியானம் போட்டிருக்காங்க. 'உங்க தோணி இன்னும் வரல. தூத்துக்குடியிலேர்ந்து பொறப்பட்டுட்டா? ஒடனே சொல்லவும்.' அதுக்குப் பெறகு ஒண்ணும் இல்ல."

புஷ்பம் என்னைப் பார்க்கவில்லை. சவேரி அண்ணனைப் பார்க்கவில்லை. தம்பியையே பார்த்தாள். "அண்ணே, அவரு வந்துருவாரா?"

அவர் என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியும். அதற்கு அந்தால நான் பார்க்கவில்லை என்பார். இந்த நேரத்திலாவது வாயை மூடிக்கொண்டிரும் தம்பி என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். கையிலிருந்த அந்தக் குட்டை வயரைப் பார்த்தார். அதை மேசையில் வைத்தார்.

"வந்துருவாரும்மா," என்றார்.

தெருவே சேர்ந்து வருவார் வருவார் என்றபோதெல்லாம் நான் தைரியமாகத்தான் இருந்தேன். குழம்பை ஊற்றாமல் குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லாத மனுஷர், பார்க்காத ஒன்றைச் சொல்லிவிட்டார். அப்படியென்றால் பார்ப்பதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை என்றுதானே அர்த்தம்? அன்றைக்குத்தான் நான் பயந்தேன்.

புஷ்பத்துக்கு அவரை அவ்வளவு தெரியாது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குச் சோறு பொங்க வேண்டும் என்று எழுந்து போனாள்.

சொல்ல வேண்டிய இடங்களிலெல்லாம் சொன்னோம். தேடுகிறவர்கள் தேடினார்கள். சனிக்கிழமை யாரும் கூப்பிடாமலே அந்தத் தம்பி வந்து நின்றார். வயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தேன் என்றார். அரை நிமிஷ வேலை அது. சாயங்காலம் வரை இருந்தார். டீ வாங்கிக் கொடுத்தால் ஆறவைத்து ஆறவைத்து, குடிக்காமலே கீழே ஊற்றிவிட்டார். நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"எதுக்குத் தம்பி அந்தப் பிள்ளகிட்ட அப்படிச் சொன்னீரு?"

"தெரியலம்மா. வாய் தவறிட்டு." கொஞ்சம் கழித்து, "ராத்திரி முழுக்க உறக்கம் இல்ல. கடன் வாங்குனவன் மாதிரி இருக்கு," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாலியில் ஆபீஸ் திறக்கும் என்று சாவியை என்னிடம் வாங்கிக்கொண்டார். நானும் புஷ்பமும் பூசைக்குப் போய்விட்டோம். சாமியார் அப்பத்தைத் தூக்கிப்பிடித்த நேரம், எல்லாரும் முழங்காலில் இருக்கிறோம், பெண்கள் பக்கத்து வாசலில் ஒரு ஆள் வந்து நிற்கிறது. இந்தத் தம்பி! எங்கள் கோயிலுக்குள் அதுவரை கால் வைத்தவர் இல்லை. எங்கே நிற்பது, எங்கே போவது ஒன்றும் தெரியவில்லை. எல்லாரும் முழங்காலில் இருப்பதைப் பார்த்து அவரும் முழங்கால் போட்டார். அப்படியே முழங்காலாலேயே நகர்ந்து நகர்ந்து எங்கள் வரிசைக்கு வந்துவிட்டார். பக்கத்துப் பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள்.

மூச்சு வாங்கிற்று. ரகசியமாகச் சொன்னார்.

"யம்மா, மெயில் வந்துட்டு. என்ஜின் நின்னு போச்சாம். பாய விரிச்சு ஓட்டி, வடக்க ஒரு தீவுல கரை புடிச்சுட்டாங்களாம். எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு போட்டிருக்கு." அதோடு நிறுத்தியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. "போட்டிருக்கு. நான் பாக்கல," என்றார்.

புஷ்பம் சிரித்தாள். பூசையில், அந்த நேரத்தில், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. நான் அவள் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

என்ஜின் வேலை முடிந்து, சரக்கை இறக்கிவிட்டுத் தோணி திரும்பிவரச் சில வாரம் ஆயிற்று. வந்த மறுநாள் தண்டல் ஆபீசுக்கு வந்தார். வெயிலில் கருத்து, ஆள் பாதியாக இருந்தார். அந்தத் தம்பியும் இருந்தார். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். தண்டல் கணக்கையும் சரக்கையும் பற்றி என்னிடம் பேசிவிட்டு, எழுந்து நேரே அவரிடம் போனார்.

"எம் பொஞ்சாதிகிட்ட நான் வந்துருவேன்னு சொன்னது நீருதானா?"

தம்பி எழுந்து நின்றுவிட்டார். "ஆமாண்ணே. தப்புத்தான். எதையும் பாக்காமச் சொல்லிட்டேன்."

தண்டல் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழம பாய் பாதி கிழிஞ்சு கெடந்துச்சு, ஓய்," என்றார். "அன்னைக்கு நானே அப்படிச் சொல்லிருக்க மாட்டேன்."

பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. இரண்டு பேரும் அதிகம் பேசாதவர்கள். எவ்வளவு நேரம் அப்படியே நிற்பார்கள் என்று தெரியாததால், நான் சவேரி அண்ணனைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.